அறிவழகனை ஏன் இறக்கவில்லை?

21 ஜனவரி 2025, செவ்வாய்

அரையிறுதியில் வென்றுவிட்டோம்! 2-1. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஆனால் காலேஜ் அணியிலேயே வேகமான ஆள், நல்லூர் அறிவழகன், தொண்ணூறு நிமிஷமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அறுபது மீட்டர், 7.2 நொடி. நானே மூன்று முறை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்திருக்கிறேன். அவனை வலது ஓரத்தில் விட்டால் யார் பிடிப்பது?

கோச் தமிழ்மணி சாரை மறித்துக் கேட்டேன். "‘நல்லா வருவான்’னு எந்தப் பையனையும் எங்கிட்ட சொல்லாதீங்கப்பா. இன்னிக்கு எப்படி ஆடுறான்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். இறக்கினால்தானே ஆடுவான்?

23 ஜனவரி

ரசிகர் வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து இதே சண்டை. மினி பஸ் ஓட்டும் காத்தவராயன் அண்ணன் குரல் பதிவே போட்டார்: "அந்தாளுக்கு தெறமைன்னாலே ஆவாதுப்பா!" எங்கள் பீங்கான் இன்சுலேட்டர் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் சிவசங்கரி மட்டும் எதிர்க்கட்சி. "காலைல பயிற்சிய ஒருநாளாவது போய்ப் பாத்திருக்கீங்களா? மேட்ச் மட்டும் பாத்துட்டு வாய் பேசுறீங்க."

நம்பர் பொய் சொல்லாது என்று போட்டேன்.

"உன் நம்பரு பந்தை உதைக்குமா?" என்றாள். அதற்கு முப்பது பேர் சிரிப்பு பொம்மை.

சிரிக்கட்டும். பிப்ரவரி 2 இறுதி ஆட்டம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். அறிவழகனுக்கு இது கடைசி வருஷம். அன்றைக்கு மைதானத்தில் கால் வைக்காவிட்டால் அவன் கால்பந்து அதோடு சரி. இது யாருக்கும் உறைக்கவில்லையா?

28 ஜனவரி

அறிவழகனின் 7.2 நொடியைக் கோச்சுக்கு மறுபடியும் மெசேஜ் போட்டேன்.

31 ஜனவரி

பஸ் ஸ்டாண்டில் அறிவழகனைப் பிடித்தேன். "என்னதான்டா சொல்றாரு உன் கோச்?"

"ஓடாத, மொதல்ல திரும்பிப் பாருங்கறாருண்ணா."

வேகமானவனை ஓடாதே என்கிறார்! இவரெல்லாம் கோச்.

1 பிப்ரவரி, சனி

இறுதி ஆட்டத்துக்குக் கோடு போடுவது எப்போதும் ரசிகர்கள் வேலை. சுண்ணாம்புத் தூள் பாதி மைதானத்துக்குக்கூட வரவில்லை. கம்பெனியில் மேனேஜரிடம் கேட்டு, கழிவு வெள்ளைக் களிமண் இரண்டு மூட்டை கொண்டுவந்தேன். கரைத்துக் கெட்டியாக ஊற்றினேன். சுண்ணாம்பு காற்றில் பறக்கும், இது பறக்காது. படித்த படிப்புக்கு ஒரு உபயோகம். என்ன வெள்ளை! காத்தவராயன் அண்ணன் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்.

2 பிப்ரவரி, ஞாயிறு



காலை ஏழரைக்கு ஆட்டம். தைப்பனி. களிமண்ணில் பனி இறங்கினால் என்ன ஆகும் என்று பீங்கான் டிப்ளமோ படித்தவனுக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை! நம் வலது ஓர ஆட்டக்காரன் பிரவீன்குமார் கோட்டை மிதித்ததும் சறுக்கி விழுந்தான். மூன்று முறை. மூன்றாவதில் பந்தை அவர்கள் பறித்துக்கொண்டு போய் கோல் போட்டார்கள்.

"என்னத்த கரைச்சி ஊத்துன நீ?" என்றாள் சிவசங்கரி.

இடைவேளையில் நேராக கோச்சிடம் போனேன். "சார், கோடு நான் போட்டது. களிமண்ணு."

"தெரியுது. தள்ளி நில்லு." பையன்களிடம் திரும்பினார். "ஓரத்துப் பக்கமே போவாதீங்கடா. நடுவுல ஆடுங்க. அறிவு, எழுந்திரு."

எழுந்திரு! நான் குதித்தேன். ஆனால் அவனை நிறுத்தியது நட்ட நடுவில். "சார், ஓரத்துல விடுங்க சார்!" என்று கத்தினேன் — வழுக்குகிற ஓரத்தில்! அவர் திரும்பவே இல்லை.

பிறகு பார்த்தேன். பந்து வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை. பந்து காலில் பட்டதுமே போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. அவன் ஓடவே இல்லை, பந்துதான் ஓடியது. 61-ஆம் நிமிஷம் கோல். 84-இல் இன்னொன்று. இரண்டுக்கும் பந்து கொடுத்தவன் அவன். 2-1! கோப்பை நமக்கு! காத்தவராயன் அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினார், கீழே போட்டார்.

"எத்தன தடவ திரும்பிப் பாத்தான்? எண்ணுனியா?" — சிவசங்கரி. எண்ணவில்லை. அதை அளக்க வேண்டும் என்றே தோன்றவில்லையே எனக்கு.

அறிவழகன் சொன்னான்: "மூணு மாசமா காலைல நடுவுலதாண்ணா பழகுறேன். போன வாரந்தான் சரியா வந்துச்சி."

"கோடு வழுக்கலன்னாலும் இறக்கியிருப்பாராடா?"

"தெரியலண்ணா." சிரித்தான்.

3 பிப்ரவரி

காலை ஆறு மணி. மண்வெட்டியால் கோட்டைச் சுரண்டினேன். பக்கத்தில் பயிற்சி. வேலை முடிந்தும் எட்டு வரை நின்றேன். ஷிஃப்ட்டுக்கு லேட்.

6 பிப்ரவரி

பட்டியல் வந்துவிட்டது! பல்கலைக்கழக அணி: அறிவழகன், நடுக்களம். ஆபீஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார் காத்தவராயன் அண்ணன். எப்போது சொன்னார்?

19 பிப்ரவரி

அணியில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பையனைப் பற்றிக் குழுவில் கேட்கிறார்கள். பயங்கர உயரமாம். எப்படி வருவான், நீ சொல்லு என்று என்னைக் குறிப்பிட்டே கேள்வி.

காலைப் பயிற்சியில் நாலு நாள்தான் பார்த்திருக்கிறேன், இன்னும் தெரியவில்லை என்று போட்டேன்.