நூலுக்கு வெளியே முளைத்தவை

மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, அம்மாகிட்ட குடு" என்று சொல்லிவிடுகிறீர்கள். நேரில் நின்றால் எனக்குப் பேச்சே வராது. காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் இருந்துதான் ஆக வேண்டும்.

போன வாரம் கட்டிட வேலையிலிருந்து லீவில் நீங்கள் வந்தபோது, நான் கடைக்குப் போன நேரத்தில், கொல்லையில் தக்காளிப் பாத்தியில் நூல் கட்டி, வரிசைக்கு நேராக இல்லாததையெல்லாம் பிடுங்கிப் போட்டீர்கள். "களையெல்லாம் எடுத்துட்டேன், பாரு எப்படி இருக்கு!" என்று சிரித்தீர்கள்.

அது களை இல்லை அப்பா. செண்டுமல்லி இருந்தால் வேரைத் துளைக்கும் புழு குறையும். பூத்துப்போன கொத்தமல்லியை வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். அந்தப் பூவைத் தேடி வரும் சின்னக் குளவிதான் பச்சைப்புழுவுக்கு எமன். இப்போது தக்காளி தனியாக நிற்கிறது. இலையைத் திருப்பினால் பூச்சி.

கைவெடிப்புக்கு மருந்து உங்கள் பையின் ஓரத்தில் இருக்கிறது. தடவுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 11

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது.

உன் லெட்டரை நாங்க தங்கியிருக்கிற ஷெட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். "கொத்தனாரே, பொண்ணு உங்களையே களையெடுத்துடுச்சே"ன்னு சித்தாள் விழுந்து விழுந்து சிரிக்கிறா. தக்காளி நடுவுல பூச்செடி, பக்கத்துல சோளம், சோளத்து மேல பீன்ஸ், கீழ பூசணி. அது தோட்டமா, பஸ் ஸ்டாண்டா? என் கையில ஒரு சுவர் நூல் விலகி நின்னதில்ல. எனக்கு என்ன தெரியும்?

சரி, போனது போகட்டும். மாசக் கடைசியில கொல்லை பூரா சிமெண்டுத் தளம் போட்டுடறேன். மழை பெஞ்சா உங்கம்மா வழுக்கி விழறா. இத்தனை வருஷம் நான் சேத்துல நின்னது, காலேஜ் படிச்ச பொண்ணும் சேத்துல நிக்கிறதுக்கா? நம்ம வீட்டுல யாரும் படிக்காத படிப்பு. ஃபேனுக்குக் கீழ உக்காரு.

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷெட்டில் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். சித்தாள் அக்காவுக்கு வணக்கம்.

தளம் போட வேண்டாம். இதை எழுதவே மூன்று காகிதம் கிழித்தேன். "அப்பாவுக்கு எதிர்ப்பேச்சு பேசற அளவுக்கு வளந்துட்டியா?" என்று அம்மா கேட்டாள். "பீன்ஸ் வளந்த அளவுக்கு" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, மறைத்துக்கொண்டாள்.

நீங்கள் என்னைப் படிக்க வைத்ததே செடிகளைப் பற்றித்தானே? சுவரில் மேல்வரிசை இணைப்பு கீழ்வரிசை இணைப்புக்கு நேராக வந்தால் கரண்டியால் தட்டிப் பிரிக்கச் சொல்வீர்கள். ஒன்றை ஒன்று பிடிக்காவிட்டால் சுவர் நிற்காது என்பீர்கள். என் பாத்தியும் அப்படித்தான். பீன்ஸுக்குச் சோளத்தண்டு பிடிமானம். பூசணி இலை மண்ணைக் காயவிடாது.

அம்மா வழுக்கும் இடத்தில் கல் பதித்துவிட்டேன். கொஞ்சம் கோணல்தான். அம்மா நன்றாகவே நடக்கிறாள்.

உங்கள் மகள்

மார்ச் 20

மகளுக்கு,

செங்கல் வைக்கிற கதைய எனக்கே சொல்றியா? இங்க ஷெட்டு ரெண்டு கட்சியாயிடுச்சு. சித்தாள் உன் கட்சி.

பாதி உனக்கு. மீதி தளம். அதுக்கு மேல பேச்சில்ல. சனிக்கிழமை மணல் லாரி வரும். டிரைவர் எனக்கு வேண்டியவர், மரியாதையா கேட்டைத் திறந்து விடு.

அப்பா

மார்ச் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

லாரி வந்தது. கேட்டைத் திறக்கவில்லை.

"அப்பா சொல்லியிருக்காரும்மா" என்றார் டிரைவர்.

"அப்பா சொன்னாரு. நான் வேணாங்கறேன். வண்டியைத் திருப்புங்க."

"கொத்தனார் பொண்ணா இது? வாயே இல்லைன்னு நினைச்சேன்" என்று தலையைச் சொறிந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. கேட்டில் சாய்ந்தபடியே நின்றேன், லாரி திரும்பும்வரை. உள்ளே போனால், அம்மா கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். "இதை அப்பாவுக்கு நீயே எழுதிக்கோ, நான் சொல்ல மாட்டேன்" என்று காபியை நீட்டினாள்.

பாதி எனக்குப் போதாது. எதைப் பக்கத்தில் வைப்பது என்று பார்த்துப் பார்த்து நட்டது, குறுக்கே வெட்டினால் இரண்டு பக்கமும் வீணாகும். வேலைக்கும் போவேன், ஃபேனுக்குக் கீழும் உட்காருவேன். காலையில் சேற்றிலும் நிற்பேன். நீங்கள் நின்றது வேறு வழியில்லாமல். நான் எனக்குப் பிடித்து நிற்கிறேன். இரண்டும் ஒன்றில்லை அப்பா.

கோபமாக இருப்பீர்கள். இருங்கள். அதற்காகச் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்து, தைரியம் வராமல் விட்டது. முன்வாசலில் நீங்கள் போட்ட தளத்தில்தான் நம் வீட்டிலேயே செடிக்கு ஏற்ற நல்ல வெயில் விழுகிறது. நானே உடைக்கப் பார்த்தேன், ஒரு கீறல்கூட விழவில்லை. அவ்வளவு உறுதியாகப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த லீவில் கடப்பாரையோடு வாருங்கள். அதை எனக்கு உடைத்துக் கொடுங்கள்.

உங்கள் மகள்