பேச்சி வீட்டு வியாழன் ஜெபம்

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த சேலை இன்னும் காயவில்லை. ஈரத்தோடு கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் முழுக்க குற்றாலம் போகிற கூட்டம். ஏற இடமில்லை. தென்காசியிலிருந்து மேலகரம் வரை நடை.

ஜெபத்துக்குப் பேச்சி மட்டும்தான். வீடு அவளுடையது, அதனால் இருந்தாள். மற்ற பெண்கள் லாட்ஜ், கடை என்று சீசன் வேலையில். என் வீட்டுக்காரர் ஆரம்பித்த ஜெபம் இது. அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்று பேர்.

பாட்டு. பைபிளில் ஒரு சங்கீதம், கண் மங்கலில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிறகு ஜெபம். சபையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபம் சொல்லுவோம். இப்போதெல்லாம் என் முறை வந்தால் இருமுகிறேன், பக்கத்தில் இருக்கிறவளைத் தொடுகிறேன். தொட்டால் அவள் ஆரம்பித்துவிடுவாள். இங்கே யாரைத் தொட? பேச்சி ஞானஸ்நானம் எடுக்காதவள். உட்கார்ந்து கேட்பதோடு சரி. மனப்பாடமான பரமண்டல ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

"யக்கா, முன்னெல்லாம் எம் முட்டு வலி, எங்க ஆடு, எல்லாத்துக்கும் பேர் சொல்லி ஜெபம் பண்ணுவீய. இப்போ பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி ஒப்பிச்சிட்டு ஓடுதீய."

தொண்டை சரியில்லை என்றேன். சுக்குக் காபி போட்டுத் தந்தாள்.

ஜூலை 5, சனி

குற்றாலம். அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. கூட்டம் ரோட்டில் நின்றது. சுவிசேஷக் கைப்பிரதித் தாள் கொடுக்கத் தோதான நாள்.

ஒருத்தன், "ஆச்சி, சோப்பு பொதிய ஒரு தாளு தேடிக்கிட்டே இருந்தேன். இன்னொண்ணு தாங்க." கொடுத்தேன். வீட்டில் போய்ச் சோப்பைப் பிரிக்கும்போதாவது வாசிக்கட்டும்.

பேச்சியின் புருஷன் மாடசாமி அங்கேதான், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை. "மதினி, நனையாதீய, இங்கன வந்து நில்லுங்க" என்றான். டீ வாங்கித் தந்தான். பிறகு, "கோவிச்சுக்கப்படாது. அண்ணாச்சி எத்தன பேரு தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனாரு. அவருக்கு ஒண்ணுன்னதும் சபையே உபவாசம் இருந்திய. என்ன ஆச்சு? இனி எதுக்கு இந்த அலைச்சல்?"

கிண்டல் இல்லை. வருத்தமாகத்தான் கேட்டான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுகமாகும், சுகமாகும் என்று கத்திய வாய் இது. அதற்குப் பிறகு ஆண்டவரே என்று தொடங்கினால் அடுத்த சொல் வருவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது. முடிந்து வரும்போது பாஸ்டர், "அம்மா, மேலகரம் ஜெபத்த நிறுத்திருவோமா? ஒரு ஆளுக்காக இந்த மழையில நடக்கீங்க." வியாழன் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் திருப்பூரிலிருந்து மகள் போன். "எம்மா, அப்பா ஊழியம் அப்பாவோட போகட்டும். இங்க வந்து பேரன் கூட இருங்க. அங்கன யாரு உங்களத் தேடப் போறா?"

சரி என்றேன். சொன்னதும் கால்வலி குறைந்த மாதிரி இருந்தது.

வாங்க வேண்டியது: புளி, தீப்பெட்டி, தைலம்.

ஜூலை 8, செவ்வாய்

அவர் சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தேன். பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்தேன். போகவில்லை. பெரிய பைபிள் ரொம்பக் கனம். திருப்பூருக்குக் கொண்டுபோவதா, சபைக்குக் கொடுப்பதா. யோசித்துக்கொண்டே பகலில் தூங்கிவிட்டேன். புளி வாங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை வெறித்தது. கொஞ்சம் வெயிலும்.

போனதும் சொல்லிவிட்டேன். "பேச்சி, இன்னைக்கோட முடிச்சுக்குவோம். மக கூப்பிடுதா."

பேச்சி பாயை விரித்தாள். பாட்டு, சங்கீதம். பிறகு ஆண்டவரே என்றேன். நின்றுவிட்டது. இருமினேன். கை தானாகப் போய் பேச்சியைத் தொட்டுவிட்டது. பழக்கம்.

தொட்டால் அடுத்தவள் ஜெபிக்க வேண்டும் என்பதை என்றோ சபைக்கு வந்தபோது பார்த்திருப்பாள் போல. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. அவர்கள் குலசாமியிடம் சண்டை பிடிக்கிற மாதிரியே ஆரம்பித்தாள்.

"ஏ சாமி. இந்த அக்கா உனக்காக வெயிலு மழை பாக்காம நடக்கா. அவ புருசன எடுத்துக்கிட்ட. சரி, எடுத்துக்கிட்ட. எதுக்குன்னு ஒரு வார்த்த சொன்னியா? கேக்க ஆளில்லன்னு நெனச்சியாக்கும். நான் கேக்கேன். இவளுக்குப் பேச்சே வரமாட்டேங்கு. அத மட்டும் திருப்பிக் குடு. எம் முட்டு வலி கெடக்கட்டும்."

எப்படி முடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். "யக்கா, உங்க சாமிய வஞ்சுப்புட்டேன். தப்பா?"

தப்பில்லை என்றேன். ஆமென் என்றேன். அழுகை வந்தது, அடக்கத்தன்று கூட வராத அழுகை. அழுதுகொண்டே, ஆண்டவரே, பேச்சியின் முழங்காலைத் தொடும், அவள் கேட்டதற்குப் பதில் சொல்லும் என்றேன். மேற்கொண்டும் ஏதோ சொன்னேன். நினைவில்லை.

திரும்பும்போது ஆட்டோ. நடக்கத் தெம்பில்லை. மேலகரம் ஜெபம் நிற்காது என்று பாஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

மகளுக்குப் போன் பண்ணினேன். கிறிஸ்மஸுக்கு வருகிறேன், அங்கேயே இருக்க இல்லை என்றேன். "எப்படியோ போங்க" என்று வைத்துவிட்டாள்.