உள்தாழிட்ட கதவுகள் குறித்து விழுப்பரையருக்கு

நலம் விளைக. மூன்று மலைகளையும் ஒரு பேராற்றையும் எல்லையாகக் கொண்ட வேழக்கோட்டு நாட்டின் அரியணையில் வீற்றிருக்கும் நிலவணித்தேவி, தென்கரைக் காவலரும், தலைநகரைக் காத்தவர் என்று நம் வாயாலேயே புகழப்பெற்றவருமான கண்டன் விழுப்பரையருக்கு எழுதுவித்த திருமுகம். உம் கழனிகள் விளைக. உம் ஆனிரை பெருகுக. உம் குடிமக்கள் வாழ்க. கடைசி வாழ்த்தைச் சொன்னபோது ஓலை எழுதுவோனின் எழுத்தாணி நின்றது. எழுதுக என்று நாமே மறுபடியும் சொன்னோம்.

நீர் அனுப்பிய மர இருக்கைகள் வந்து சேர்ந்தன. கீழேந்தல் ஏரிக்கரையை வெட்டிப் பகைவர் படையை மூழ்கடித்த வெற்றியின் நினைவாக, அவ்வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட வீட்டுக் கதவுகளைச் சேற்றிலிருந்து எடுத்து, அடிமரத் துண்டுகளைக் காலாகப் பொருத்தி, நம் சோலை நிழலில் போடத் தக்கவாறு செய்வித்ததாக எழுதியிருந்தீர். இழைப்புளி படாத மரத்துக்கே தனி அழகு என்பதால், ஆணியையோ இரும்பையோ கழற்றாமல், வெடிப்பையும் கறையையும் உள்ளபடியே விடுமாறு தச்சருக்குக் கட்டளையிட்டதாகவும் பெருமை பேசியிருந்தீர். உம் ரசனை வாழ்க. அதுவே உம்மைக் காட்டிக்கொடுத்தது.

நம் அணுக்கப் பணிப்பெண் காரிநங்கை கீழேந்தலில் பிறந்தவள். கரையை வெட்டுமுன்பே ஊரார் அனைவரையும் மேட்டுநிலத்துக்கு அனுப்பிவிட்டதாகவும், வெற்று வீடுகளே நீரில் போனதாகவும் நீர் உரைத்ததை நாம் நம்பினோம், அவளும் நம்பினாள். வெள்ளத்துக்குப் பின், சென்ற தை மாதம் தன் தாய்க்கென்று ஒரு சிவப்புச் சேலையை உம் ஆளிடம் கொடுத்தனுப்பினாள். தாய் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் என்று அவன் திரும்பி வந்து சொன்னான். அன்று அரண்மனை முழுவதும் அவள் அதையே சொல்லித் திரிந்தாள்.

தன் ஊர் மரம் வந்திருக்கிறது என்று கேட்டுச் சோலைக்கு ஓடியவள், ஓர் இருக்கையில், பூனை நுழைவதற்காகத் தன் காலஞ்சென்ற தந்தை அறுத்த துளையைக் கண்டு, இது எங்கள் வீட்டுக் கதவு என்று சிரித்தாள். பிறகு குனிந்து அடிப்புறத்தைப் பார்த்தாள். அது கதவின் உட்புறம். போட்ட தாழ் போட்டபடியே இருந்தது. அது செருகியிருந்த நிலைமரத்தின் துண்டும் பிய்ந்து அதனோடு வந்திருந்தது. மற்ற இருக்கைகளையும் புரட்டச் செய்தோம். ஒன்றிலும் தாழ் திறந்திருக்கவில்லை. ஆளில்லாத வீட்டை உள்ளேயிருந்து தாழிட எவரால் ஆகும், விழுப்பரையரே? காரிநங்கை அழவில்லை. அந்தத் தாழைத் திறக்க முயன்று விரல்களைக் கிழித்துக்கொண்டாள்.

ஊரை எழுப்பியிருந்தால் பகைவர் விழித்துக்கொண்டிருப்பர், தலைநகர் வீழ்ந்திருக்கும் என்று நீர் சொல்லக்கூடும். சொல்லும், கேட்போம். அந்த வெள்ளத்தால் பிழைத்தவர்களில் நாமும் ஒருவர். ஆனால் உறங்கியவர்களைக் கொன்றுவிட்டு, அவர்கள் நலம் என்று மகளுக்குச் சேதி அனுப்பியதற்கு எந்தப் போரும் நியாயம் ஆகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர். அந்தச் சோற்றை நமக்கே படைக்கவும் செய்தீர்.

ஆதலின் நம் ஆணை இது. உடல் கிடைக்காதவர்களுக்கு அம்மரத்தையே உடலாகக் கொண்டு, இருக்கைகள் கீழேந்தல் மேட்டில் ஈமத்தீயில் இடப்படும். பூனைத்துளை உள்ளது மட்டும் நம் அவை முற்றத்தில், வெயிலில் போடப்பட்டிருக்கும். இத்திருமுகம் கண்ட அன்றே வாளைக் கழற்றி வைத்துப் புறப்பட்டு வந்து, அதில் அமர்ந்து, கீழேந்தலில் பிறந்து வேற்றூர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் கேட்பதற்கெல்லாம் விடை சொல்லக் கடவீர். அவர்கள் கேட்டு முடிக்குமுன் எழக் கடவீரல்லீர். இதைக் கொணரும் படையினர் உம்முடனேயே திரும்புவர். வேழ இலச்சினை இட்டோம்.

இலச்சினை இட்டபின், காரிநங்கை வேண்டியதால் சேர்த்தது: அந்தச் சிவப்புச் சேலையை உம் வீட்டில் இப்போது யார் உடுத்துகிறார்? அதையும் கொண்டு வாரும்.