சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே

சண்டை போட்ட நாளிலும் என் தட்டில் சோறு வைக்க மறக்காத மருமகள் தீபாவுக்கு,

நேற்றிலிருந்து விடாமல் மழை. ஏரித் தண்ணீர், மதகுக் கல்லில் நீ தீட்டிய சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். நீ வேலை செய்த கம்ப்யூட்டர் மொழிக்காரர்களின் சங்கத்தில் உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் அஞ்சாவது படித்தவள். இருந்தாலும் எழுதுகிறேன், அவர்களும் படிக்கட்டும்.

அந்தக் கல்லில் நீ டப்பாவைப் பொருத்திய நாள் ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கோட்டைத் தொட்டால் ஊரில் எல்லார் போனும் தானாக அடிக்கும், அதில் ஒரு குரல் பேசும் என்றாய். "உங்க குரல்ல இருந்தா யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டாங்க அத்தை" என்றாய். "திட்றதுக்குன்னா மட்டும் நான் வோணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசினேன். "ஏரி ரொம்பிடுச்சி! மாட்ட அவுத்து உடு, புள்ளய தூக்கு, மேட்டுத் தெருவுக்கு ஓடு! மத்தத அப்பறம் பேசிக்கலாம்!"

போன் அடிக்க வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பேராகக் கன்னியம்மாவைப் போட்டாய். உன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "கம்ப்யூட்டர தட்ற பொண்ணுக்கு அடுப்பு பத்த வெக்கத் தெரியுமா?" என்று கேட்டவள். நீ சிரித்தாய். நான் பதினோரு வருஷமாக அவள் வாசலை மிதிக்கவில்லை. "அவள எதுக்குடி மொதல்ல போட்டே?" என்று நான் கத்தியதற்கு, "தண்ணி மொதல்ல அவங்க வீட்டுக்குத்தான் வரும் அத்தை" என்றாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் கம்ப்யூட்டர் சங்கத்தின் இந்த வருஷ மாநாடு மாமல்லபுரத்தில் நடந்தது. நீ பேச வேண்டிய பேச்சை உன் ஆபீஸ் பிரகாஷ் பேசினான். என்னை முன் வரிசையில் உட்கார வைத்து, கழுத்தில் அட்டை மாட்டினார்கள். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே ஏசியில் நடுங்கினேன். அவனுக்கு முன்னால் ஒரு பெண் பேசினாள். எனக்குப் புரிந்த ஒரே பேச்சு அதுதான். "ஒத்திகை வேற, நிஜம் வேற. ரெண்டும் ஒரே கதவு வழியா போகக் கூடாது" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிரகாஷும் தட்டினான்.

அப்புறம் மேடை ஏறினான். உன் படத்தைக் காட்டினான். "இப்போ நேர்லயே ஓட்டிக் காட்றேன்" என்று ஒரு பொத்தானை அமுக்கினான். அந்த மண்டபம் முழுக்க என் குரல் கேட்டது. சிரிப்பு, கைதட்டல். என் பையில் இருந்த போனும் அடித்தது.

நீ ஒத்திகை பார்க்கும்போது ஊர் எண்களை எல்லாம் எடுத்துவிட்டு, என் எண்ணை மட்டும் விட்டு வைப்பாய். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது, தீபா. பிறகு ஊரிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. சபையில் பேசக் கூடாது என்று இரண்டையும் அணைத்தேன். எடுத்திருந்தால்?

அவன் ஊர்ப் பட்டியலை எடுக்க மறந்துவிட்டான். உச்சி வெயிலில் ஊரே மேட்டுத் தெருவுக்கு ஓடியிருக்கிறது. உலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிய கன்னியம்மா, ஏரிக்கரையில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஏரியில் அன்றைக்கு முழங்கால் தண்ணீர்கூட இல்லை.

மறுநாள் பிரகாஷ் வந்து என் காலில் விழுந்து அழுதான். "எல்லாம் சரி பண்ணிட்டேன் ஆயா. இனிமே தப்பாவே அடிக்காது" என்றான்.

"மிசின சரி பண்ட்டே. ஜனத்த யாருடா சரி பண்றது?" என்று கேட்டேன். அவனை நான் மன்னிக்கவில்லை. அதற்கு அவசரமும் இல்லை.

டீக்கடையில் என்னைப் பார்த்தால், "இன்னா ஆயா, இன்னிக்கி எத்தினி மணிக்கு ரொம்புது ஏரி?" என்று கேட்கிறார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த எண்ணை பிளாக் பண்ணிவிட்டார்கள். பொய் சொன்னது பிரகாஷ் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பேசியது என் குரல்.

முந்தாநாள் வானம் கறுத்ததும் வீடு வீடாக ஏறினேன். "உன் கொரல நம்பி ஓடனதுக்கு ஊரே சிரிச்சிகினு கீது, இன்னொரு தபா ஓடணுமா?" என்று மேலத் தெருக்காரி கேட்டாள். "ஓடு. சும்மா ஓடனதுன்னா வந்து என்னைத் திட்டு" என்றேன். சிலர் போனை எடுத்து என் கண் முன்னாலேயே அந்த எண்ணைத் திறந்துவிட்டார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. நேற்று மழையிலும் போனேன். கடைசி மூடிய கதவும் இன்று காலை திறந்தது.

ஒரு வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. எந்த வீடு என்று உனக்குத் தெரியும்.

அவள் மகன் சிறுசேரிக்கு வண்டி ஓட்டப் போனால் இருட்டித்தான் வருவான். பகலெல்லாம் அவள் மாவுக்கட்டோடு தனியாகக் கிடக்கிறாள். அவளும் எண்ணை அடைத்துவிட்டாள் என்று கேள்வி. தண்ணீர் முதலில் அங்கேதானே வரும்? தவளைகள்கூட இன்று கத்தவில்லை. மதகுப் பக்கம் ஒரு மாதிரி உறுமல் மட்டும் கேட்கிறது.

இதை மடித்து வைத்துவிட்டுக் கிளம்புகிறேன், தீபா. அவள் வாசப்படி ஏறுவேன். என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்வேன். என் போன் அடித்தும் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை முதலில் சொல்வேன். அவள் எண்ணைத் திறக்காவிட்டால், தண்ணீர் இறங்கும் வரை அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். கோட்டைத் தொட்டால் அவளைத் தோளில் சாய்த்து மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோவேன். பந்தியில் சொன்ன சொல்லை நான் மறக்க மாட்டேன். அதை மேட்டில் ஏறின பிறகு பேசிக்கொள்கிறோம். உன் பட்டியலில் முதல் பேர் விட்டுப்போகாது. இது சத்தியம்.

இப்படிக்கு,
அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி,
உன் அத்தை