ஜெயராணி சொல்லி முடிக்கும் வரை

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. மாடித் தகரக் கூரை தடதட. ஆராதனைக்குப் போய் வந்தோம். ஜெ. பாட்டின் மூன்று சரணமும் பாடினாள், ஒரு சொல் தவறவில்லை. பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டபடி. பாட்டு முடிந்ததும் பழையபடி.

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். நடை வந்துவிட்டது. வலது கை பாதி. பேச்சுதான். நாங்கள் சொல்வதெல்லாம் புரிகிறது. சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறதாம், வாய்க்கு வருகிற வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. எதைக் கேட்டாலும் வருவது ஒரே சொல். தண்ணி வேணுமா? நாளைக்கு. வலிக்குதா? நாளைக்கு.

சர்ச் வாசலிலேயே, “பாட்டுல மட்டும் வருதுல்ல? அதே மாதிரி ‘ஏங்க’ன்னு ஒரு தடவ கூப்பிடு பாப்போம்” என்றேன். சுற்றிலும் ஆட்கள். குனிந்து செருப்பைத் தேடினாள். வீடு வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஆபீஸ் முடிந்து நேராகக் காளவாசல். மாடியில் இருக்கும் மரம் அறுக்கிற ஸ்க்ரோல் சா மிஷினுக்கு பிளேடு. தெரபிஸ்ட் கொடுத்த படஅட்டைகள் ஜெ. கையில் நிற்காமல் வழுக்குகின்றன. அதே படங்களைப் பலகையில் வெட்டிக் கொடுத்தால் பிடிக்க வாகாக இருக்கும் என்றுதான் போன மாதம் மிஷின் வாங்கினேன். போன வாரம் உடைந்தவை:

குடை (கைப்பிடி, இரண்டு தடவை)
கொக்கு (கழுத்து)
சீப்பு (நான்கு பல்)
பிளேடு ஒன்பது

கடைக்காரர் சிரித்தார். “என்னண்ணே, மறுபடியுமா? டஜன் வாங்கிட்டுப் போயி பத்து நாளாகல.”

“பிளேடு சரியில்ல.”

“பிளேடெல்லாம் நல்ல பிளேடுதாண்ணே. நீங்க பலகையப் போட்டுத் தள்ளுறீங்க. சும்மா பிடிச்சுக்கிட்டு இருங்க, அது தின்னுற வேகத்துக்குத்தான் நாம போகணும்.”

எரிச்சல். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெ.வின் பள்ளித் தலைமையாசிரியை போன். மாதக் கடைசியோடு மருத்துவ விடுப்பு முடிகிறது. விருப்ப ஓய்வா, விடுப்பு நீட்டிப்பா? “நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க சார்.” ஓய்வுப் படிவத்தை இன்றே அனுப்பச் சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேச முடியாமல் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எப்படி நடத்துவாள்?

ஜூலை 9, புதன்

படிவம் வந்தது. எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பினேன், அழகான கையெழுத்தில். அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. இடது கையால் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். தள்ளி வைத்தாள்.

“நாளைக்கு.”

“சரி, நாளைக்கே போடு.”

பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள். கோபமா? தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

அனுமதி வாங்கி மதியமே வீட்டுக்கு. தல்லாகுளத்தில் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஐந்து நிமிடம். படியேறும்போது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

“உப்பு.”

ஜெ. குரல். ஐந்து மாதத்தில் பாட்டுக்கு வெளியே முதல் தடவை. படியிலேயே நின்று கேட்டேன். உள்ளே முத்துலட்சுமி, பாத்திரம் துலக்கப் பரவையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், “அதேன் டீச்சர், நானும் பாத்தேன், உப்புத்தேன் கம்மி” என்கிறாள். சாதாரணமாக. தினமும் பேசிக்கொள்கிறவர்கள் மாதிரி.

ஓடினேன். “உப்புன்னு சொன்னியா? இன்னொரு தடவ சொல்லு, ஜெயா. உ... ப்பு...” கரண்டியை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மு.ல.விடம் கேட்டேன், எத்தனை நாளாக இது நடக்கிறது என்று.

“ஒரு மாசமா சார். ஒண்ணு ரெண்டு வார்த்ததேன். நாம்பாட்டுக்குப் பாத்திரத்தக் கழுவிட்டு இருப்பேன், அவங்க பாட்டுக்குச் சொல்லுவாக.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள். “கோவிச்சுக்காதீங்க சார். அவங்க ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க முடிச்சு வச்சுர்றீங்க.”

ஒரு மாதம். என் வீட்டில், என் மனைவி, எனக்குத் தெரியாமல் உப்பு என்று சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் மாடியில் சீப்பு. மூன்றாவது பல்லில் போயிற்று. மிச்சத்தைச் சுவரில் எறிந்தேன். பாத்திரம் துலக்குகிற பெண்மேல் பொறாமை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

வெயில், காற்றில்லை. ஜெ. தானாகவே காலண்டர்த் தாளின் பின்பக்கம் இடது கையால் வரைய ஆரம்பித்தாள். கோணலாய் ஒரு பெட்டி. மேலே சாய்வாகக் கூரை.

“வீடா? வீடு வேணுமா? இந்தா வாரேன்.”

மாடிக்குப் பாய்ச்சல். அரை மணியில் வீடு ரெடி. அவசரத்தில் ஓரமெல்லாம் கருகல், உப்புத்தாள்கூடப் போடவில்லை. கொண்டுவந்து கையில் கொடுத்தேன். பார்த்தாள். மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். காலண்டர்த் தாளையும் மடித்துவிட்டாள்.

“என்னதான் வேணும் ஒனக்கு!” கத்திவிட்டேன்.

பெங்களூரிலிருந்து மகள் வீடியோ கால். தூங்குறீங்களாம்மா? நல்லாத் தூங்குறா. சாப்பிட்டீங்களா? ஆச்சு, இட்லி. நான் வந்தா என்ன வாங்கிட்டு வரணும்? ஒண்ணும் வேணாம், நீ வந்தாப் போதும்.

“அப்பா, நான் அம்மாட்டதான் கேட்டேன்.”

திரையின் மூலையில் ஜெ. முகம். இரண்டு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளி மாதிரி.

ஜூலை 15, செவ்வாய்

தெரபிஸ்ட் நஸ்ரின். என் மகள் வயதுதான் இருக்கும். ஜெ.விடம் எதைக் கேட்டாலும், கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும்படி எனக்குச் சொல்லியிருந்தாள்.

“எண்ணுறீங்களா சார்?”

“எண்ணுறேனே.”

“இப்ப மூணுலயே பேசிட்டீங்க.” மணிக்கட்டுக் கடிகாரத்தைக் காட்டினாள். “இனிமே முப்பது. முப்பதுக்கு அப்புறமும் வாயத் தொறக்காதீங்க. டீச்சருக்கு இந்த வாரம் ஹோம்ஒர்க் கெடையாது. ஒங்களுக்குத்தான்.”

ஜெ. சிரித்தாள். உதடு ஒரு பக்கமாக இழுக்க, நன்றாகவே சிரித்தாள்.

ஜூலை 16, புதன்

அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தரை டைல்ஸை எண்ணினேன், நீளவாக்கில் பதினான்கு, குறுக்கே பதினொன்று. நாக்கு அரித்தது. முக்கால் மணி கழித்து அவளே அந்தக் காலண்டர்த் தாளைப் பிரித்தாள். கூரைக்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள், வரிசையாக. ஜன்னல்கள். கை வலித்தது போல, நிறுத்திவிட்டாள்.

நம் வீட்டில் இத்தனை ஜன்னல் ஏது?

ஜூலை 17, வியாழன்

லீவு போட்டேன். வரைந்ததற்குப் பக்கத்தில் உயரமாக ஒரு கோடு. அதன் உச்சியில் முக்கோணம். கொடி. அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு. சொல் தொண்டை வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். முப்பது. ஐம்பது. எண்பதுக்கு மேல் எண்ணவில்லை. அவள் நெற்றியில் வியர்வை.

“ஸ்... ஸ்கூல்.”

நான் வாயைத் திறக்கவில்லை. இடது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“போ... கணும்.”

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவள் அழவில்லை. அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். கிழித்தேன். நான்காக, எட்டாக.

தலைமையாசிரியைக்கு போன். விடுப்பு நீட்டிப்பு எழுதித் தருகிறேன் என்றேன். “ரொம்ப சந்தோசம் சார். முடியுறப்ப சும்மா ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க.”

ஜூலை 27, ஞாயிறு

அந்தப் படத்தை அப்படியே பலகையில் வெட்டிக்கொண்டிருக்கிறேன், கோணல் கூரை உள்பட. பதினொரு ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் துளை போட்டு, பிளேடைக் கழற்றித் துளை வழியாகக் கோத்து, மறுபடி முடுக்கி, வெட்டி, மறுபடி கழற்றி. ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல்தான். எட்டு ஆகிவிட்டது. கொடிக்கம்பம் இரண்டு தடவை முறிந்தது. மர ரேகை போகிற வாக்கில் வைத்து வெட்டாதது என் தப்பு. மூன்றாவது நின்றது.

ஜெ. மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். என் தலையில் மரத்தூள், தட்டிவிடுகிறாள். இப்போது என்னிடமும் வருகிறது: காபி, போதும், வெயில். ஒரு நாளைக்கு ஆறேழு சொல். சந்தோஷப்பட வேண்டும், படுகிறேன். ஆனாலும் முன்பு பேப்பரைச் சத்தமாக வாசிப்பாள், வாசிக்கும்போதே அதோடு சண்டை போடுவாள், நடுவில் என்னையும் இழுப்பாள். நான் ‘உம்’ கொட்டிவிட்டு ஷேவ் செய்துகொண்டிருப்பேன். எத்தனை வருடம்! ஒரு நாளாவது திரும்பிப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

பள்ளிக்குப் போனோம். நான் வேப்பமரத்தடியில். உள்ளே நடந்ததை இன்னொரு டீச்சர் வந்து சொன்னார். ஜெ. இடது கையால் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினாளாம். எழுதவே ஐந்து நிமிடம். வகுப்பு மூச்சு விடவில்லை. ஒரு பெண் எழுந்து விடை சொல்லியிருக்கிறாள். ஜெ. கணீரென்று, “தப்பு.”

அவ்வளவு பேரும் கை தட்டினார்களாம். அதிகம் தட்டியது தப்பாகச் சொன்ன அந்தப் பெண்தானாம்.

திரும்பும்போது ஆட்டோவில் தூங்கிவிட்டாள், என் தோளில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பகலெல்லாம் புழுக்கம். நாலு மணிக்கு மேல் மேகம். ஜெ. மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், நான் எதிரில். திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கு... நீங்க...”

அதோடு நின்றது.

என்றைக்கு? நான் பெண் பார்க்கப் போன அன்றா, மகள் பிறந்த அன்றா, அவள் அம்மா சாவுக்கு நான் தாமதமாகப் போய் நின்ற அன்றா, பள்ளியில் அவள் மயங்கி விழுந்த அன்றா? இருபத்தாறு வருடத்தில் எந்த நாள்? நல்லதா, கெட்டதா? முகத்தில் தெரியவில்லை. கேட்கவில்லை. முப்பது எப்போதோ தாண்டிவிட்டது. கை மொச்சையை உரிக்கிறது, உதடு அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. இதை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், பேசிவிடாமல் இருக்க.

மழை விழ ஆரம்பித்துவிட்டது. மாடியில் துணி. எடுக்கப் போகவில்லை.