டாங்க் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்தது

என் அன்பான இஞ்சாருங்கோ,

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவேன்?

பக்கத்துக் காணிக்குக் குடிவந்த இங்கிலீஷ் ரீச்சரிடம் நீங்கள் படிக்கப் போனதே எங்கள் வயலுக்காகத்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் பக்கம் ஒழுங்காக வருவதில்லை. குளத்துக்குப் பொறுப்பான இஞ்சினியருக்கோ தமிழ் தெரியாது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாள் பொழுதுபடும் நேரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தீர்களே!

"இஞ்சேர், எங்கடை குளமும் டாங்க், லொறியில எண்ணெய் ஊத்திறதும் டாங்க், சண்டைக்குப் போற இரும்பு வண்டியும் டாங்க்!"

நல்ல விளைச்சல் கண்ட வருடம்கூட அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை. வயிறு எரிந்தது. அந்த ரீச்சர்ப் பெண் உங்களை அண்ணை என்றுதான் கூப்பிட்டார். அதனால் எரிச்சல் குறைந்துவிடுமா?

மறுநாள் நானும் வந்து, உங்கள் இருவருக்கும் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை கருத்து என்று நானே கேட்டேன்.

"போர்த்துக்கேயர் குளத்துக்குச் சொன்ன சொல்லில இருந்து வந்தது எண்டு சொல்லுகினம்," என்றார் ரீச்சர். "குஜராத்திப் பக்கம் தண்ணித் தொட்டிக்கு இருந்த சொல் எண்டும் சொல்லுகினம். சண்டை வண்டியை இரகசியமாச் செய்யேக்க, தண்ணித் தொட்டி செய்யிறம் எண்டு வெள்ளைக்காரர் கதை கட்டினவை. அந்தப் பேரே நிண்டிட்டுது."

"இல்லை ரீச்சர், அது எங்கடை தாங்கி. தண்ணியைத் தாங்கிறதுதானே?" என்றீர்கள்.

"வடிவான கதை அண்ணை. ஆனா ஆதாரமில்லை," என்று அவர் சிரித்தார்.

உங்கள் முகம் வாடியது. "இவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றேன் வெடுக்கென்று.

வழியில் கேட்டீர்கள்: "உமக்கென்ன தெரியும் எண்டு எனக்காகக் கதைச்சனீர்?"

"அவா சிரிச்சது எனக்குப் பிடிக்கேல்லை. இனிப் படிக்கிறதெண்டால் ரெண்டு பேருமாப் படிப்பம்."

அப்படியே படித்தோம். பிறகு மாரிகாலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் ரீச்சர் என்னைவிடச் சத்தமாக அழுதார். அந்த அழுகையைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. அழ அவருக்கு என்ன உரிமை? இருந்ததா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன கிழமை இஞ்சினியர் வந்தார். ஆம்பிளைகள் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முன்னே போனேன். டாங்கில் தண்ணீர் இருக்கிறது, எங்கள் வாய்க்காலில் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். வாய் தடுமாறவில்லை. அவர் நடந்து வந்து வாய்க்காலைப் பார்த்தார். நேற்று வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

ரீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "அண்ணைக்கு இதை ஆர் போய்ச் சொல்லுறது?" என்று கண் கலங்கினார்.

"நான் சொல்லுவன். நீங்கள் சொல்ல வேண்டாம்."

அதற்குத்தான் இந்தக் கடிதம். இனி எங்கள் வீட்டுச் செய்தி எதுவானாலும் முதலில் என்னிடமிருந்துதான் உங்களுக்கு வரும்.

உங்களை இன்னும் ஒருவருக்கும் விட்டுக்கொடாத
உங்கள் மனைவி,
செல்லம்மா