உன் தலைமாட்டுச் சிலுவை

என் பிரியமான அப்பாவுக்கு,

கூட்டேரிப்பட்டில் உன் டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. பக்கத்தில் வேறொருவர் டீ போடுகிறார். வாயில் வைக்க முடியவில்லை. அதைச் சொல்ல இதை எழுதவில்லை. நாளைக்குக் கல்லறைத் திருநாள். அம்மாவோடு வருவேன். அவள் செபம் முடிகிறவரை என்னை வாய் திறக்க விடமாட்டாள். உன் தலைமாட்டில் புதிதாக ஒரு எவர்சில்வர் சிலுவை நிற்கிறதே, அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீ போன அன்றைக்குக் கத்திரி வெயில். அக்கா மஸ்கட்டிலிருந்து வந்துசேர மறுநாள் ஆகும். அம்மன் கோயில் இளைஞர் மன்றத்தில் பிணம் வைக்கிற குளிர்பெட்டி இருந்தது. ஊர்ப் பொதுவுக்கென்று வாங்கியது. அது லாரியில் வந்து இறங்கிய அன்று, தூக்கியவர்களுக்கெல்லாம் நீதான் டீ கொடுத்தாய். அந்த நம்பிக்கையில் கேட்கப் போனேன். மன்றத் தலைவர் சிகாமணி மாமா தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனச்சிக்காதடா அருளு. பொட்டி மேல அம்மன் படம் ஒட்டிக்கீது. நீங்க சிலுவ வெச்சி செபம் பண்ணுவீங்க. பசங்க ஒத்துக்க மாட்டேன்றானுங்க."

குளிர்பெட்டிக்கு என்ன மதம், அப்பா? உள்ளே ஒரு கம்ப்ரஸர், ஒரு ஃபேன், கொஞ்சம் கேஸ். குளிர்சாதன டிப்ளமோவில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

மரக்காணத்துப் பக்கமிருந்து மீன் வண்டி ஓட்டிவந்து உன் கடையில் நிற்பாரே, கடைசியில் அவர்தான் ஐஸ் பாளங்களோடு வந்தார். கடலுக்குப் போகிற குடும்பம். படகில் அம்மன் பெயரை எழுதி வைத்திருப்பவர். எதுவும் கேட்கவில்லை. "பத்தலன்னா போன் பண்ணு, ஜல்தியா வர்றேன்" என்றார். உமியைக் கொட்டி, பாளங்களை அடுக்கி, உன்னைப் படுக்க வைத்தோம். அக்கா வந்து உன் மேல் விழுந்து அழுதாள். நிமிர்ந்ததும் முதலில் கேட்டது, "அப்பா மேல ஏண்டா மீன் வாசன அடிக்குது?" என்றுதான். அந்த ஐஸில் ஒரு குறையும் இல்லை. ஊரில் பெட்டி இருந்தும் உனக்கு இல்லாமல் போனதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

பிறகு திண்டிவனத்தில் என் ஒர்க்‌ஷாப்பில் நானே ஒரு பெட்டி செய்தேன். யார் கேட்டாலும் கொடுக்கத்தான். மாதா கோயில் முன்கொட்டகையில் வைத்தேன். அங்கேதான் பேஜார். நான் விழுப்புரத்தில் வேலையாக இருந்தபோது சூசை சித்தப்பா வேறொரு வெல்டரைக் கூட்டிவந்து, பெட்டியின் தலைப் பக்கம் ஒரு எவர்சில்வர் சிலுவையைப் பற்றவைத்துவிட்டார். நம் தெருவுக்கு மட்டும்தான் பெட்டி என்று கோயில் கமிட்டியும் முடிவெடுத்துவிட்டது.

"உங்கப்பன மீன் ஐஸ்ல படுக்க வெச்சானுங்க. அதுக்குள்ள மறந்துட்டியா?" என்றார் சித்தப்பா.

மறக்காததால்தானே பெட்டியே செய்தேன். அவர்கள் செய்தால் அநியாயம், நாம் செய்தால் வைராக்கியமா? நீ இருந்திருந்தால் உன் தம்பி கையில் ஒரு கிளாஸ் டீயைக் கொடுத்து மெதுவாகப் பேசிப் பார்த்திருப்பாய். எனக்கு அது வராது. சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

போன ஆடியில் சிகாமணி மாமாவின் அம்மா இறந்துபோனார். காலையில் மாமா போன் செய்தார். "பொட்டி கூலிங் ஆவலடா. ஒரு எட்டு வந்து பாக்குறியா?"

போய்ப் பார்த்தேன். கம்ப்ரஸர் கருகியிருந்தது. அன்றைக்கே சரியாகிற காரியமில்லை. அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தார். "மீன் வண்டிக்குச் சொல்லட்டுமா?" என்று மன்றத்துப் பையன் ஒருவன் கேட்டான். மாமா தரையைப் பார்த்தார்.

"எங்க பெட்டிய எடுத்துக்கினு வர்றேன் மாமா."

"அதுல சிலுவ கீதேடா. எங்கம்மா தெனம் வெளக்கு ஏத்தினவங்க. அவங்க தலமாட்டுல போயி..."

அவர் சொன்னதில் தப்பில்லை, அப்பா. அந்தம்மா தலைமாட்டில் அந்தம்மாவின் விளக்குதான் எரிய வேண்டும். நேராக மாதா கோயிலுக்குப் போனேன். சித்தப்பா பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"சிலுவையோட எடுத்துக்கினு போனா போ. இல்லன்னா கெடயாது."

"அப்பிடின்னா அவங்க வாங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சிதான சொல்றீங்க?"

"ஆமா. இன்னான்ற இப்ப?"

வண்டியிலிருந்து இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்தேன். தெருவே கூடிவிட்டது. சிலுவையையே அறுக்கிறான் பார் என்று யாரோ மார்பில் அடித்துக்கொண்டார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அறைவாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையை மடித்துச் சிலுவையின் மேல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுடா. கீழ விழாம நான் புடிச்சிக்கினு கீறேன்." பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினாள். "கொழுந்தனாரே, அந்த ஐஸுக்குப் பக்கத்துல நான்தான் உக்காந்துக்கினு இருந்தேன். இன்னொரு ஊட்டுல அது நடக்க வேணாம்."

சித்தப்பா நகர்ந்து வழிவிட்டார். அறுத்த இடத்தில் ஒரு சின்னக் குழாயைப் பற்றவைத்தேன். சிலுவையோ விளக்கோ, அவரவர் கொண்டுவந்து செருகிக்கொள்ளலாம். சிகாமணி மாமா அதில் அவர் அம்மாவின் விளக்கை வைத்தார். பெட்டியை உள்ளே விடும்முன் ஒரு பெரியம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தெளிக்கட்டும், மோட்டார் பக்கம் படாமல் இருந்தால் போதும்.

இப்போது பெட்டி எல்லாத் தெருவுக்கும் பொதுவாகப் பால் சொசைட்டி கட்டிடத்தில் இருக்கிறது. கேட்கிற வீட்டுக்கெல்லாம் போகிறது. மன்றத்துப் பெட்டியையும் சரிசெய்து கொடுத்துவிட்டேன். அம்மன் படம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மாமா, "அதுக்கும் ஒரு கொழா வெச்சிடுடா" என்றார். சித்தப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் போன வாரம் அம்மன் கோயில் தெருவுக்குப் பெட்டியை ஏற்றும்போது அந்த வழியாக வந்தவர் ஒரு முனையைப் பிடித்தார். "நேரா தூக்குங்கடா, சாயுது பாரு" என்று என்னைத் தவிர எல்லோரையும் திட்டினார்.

அறுத்த சிலுவை அன்று முழுக்க அம்மா மடியில் இருந்தது. உன் கல்லறையில் இருந்த மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. மறுநாள் அவள்தான், "அங்க கொண்டுபோய் நடு" என்றாள். அடியில் கிரைண்டர் தழும்பு தெரியும். தேய்த்துவிட்டால் போய்விடும். தேய்க்கவில்லை.

நாளைக்குச் சிகாமணி மாமாவும் வருகிறார். மெழுகுவத்தியா ஊதுவத்தியா, எதைக் கொண்டுவருவது என்று கேட்டார். உனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா. எந்தத் தெருவில் யார் போனாலும், வெளியூரிலிருந்து பிள்ளை வந்து முகம் பார்க்கிறவரை அந்தப் பெட்டி குளிராக இருக்கும். கெட்டுப்போனால் நான் வருவேன்.

உன் டீக்கு இன்னும் ஏங்குகிற மகன்,
அருள்